மாதம் இருமுறை ஓடும் லாரிக்கு ஆயில் அடிடிவ் வேண்டுமா?

வணக்கமுங்க அண்ணா. காங்கேயத்தில் தேங்காய் லோடுக்கு வைத்திருக்கும் லாரி மாதம் இரண்டு நாள்தான் ஓடுகிறது, இன்ஜின் ஆயிலில் அடிடிவ் (ஆயிலோடு தனியாகக் கலக்கும் மருந்து) ஊற்றச் சொல்கிறார்கள், ஊற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாமுங்க. 15டபிள்யூ-40 சிஐ-4 தரம் மாதிரி நல்ல டீசல் இன்ஜின் ஆயிலில் தேய்மானம், துரு, கசடு மூன்றுக்குமான மருந்து ஏற்கெனவே அளவாகக் கலந்திருக்கிறது. மேலே ஊற்றினால் அந்த அளவுதான் கெடும்.

நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கிறீர்களா? அதை முதலில் நிறுத்துங்கள். ஆயில் முழுசாகச் சூடேறாது. ஈரமும் எரியாத டீசலும் இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்பிலேயே தங்கும். அதற்குப் பதில், பாதி லோடாவது ஏற்றி தாராபுரம் வரை ஒரு நடை போய் வாருங்கள், ஈரம் ஆவியாகிவிடும். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வருடம் ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிடுங்கள்.

எனக்கு அதைவிட டீசல் டேங்க்தான் கவலை. பாதி காலியாக நின்றால் உள்ளே காற்றின் ஈரம் நீராகப் படியும். ஒரு ஐப்பசி மழைக்கு நிறுத்தியிருந்த எங்கள் வண்டியில், டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரைத் திறந்தபோது அரை டம்ளர் தண்ணீர் வந்தது. டேங்கை நிரப்பியே நிறுத்துங்கள். அப்புறம், வண்டி நிற்கும் நாட்களில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வையுங்கள்.