எண்ணிக்கை எழுதினவனிடம் கேளுங்கள்: வளர்ச்சி, நுகர்வு, விஞ்ஞானம்

திருகோணமலை மாவட்டத்தில் 30 வருஷத்துக்கு மேல் நான் பார்த்தது எண்ணுகிற வேலை. வயலில் சதுரம் போட்டு நெல்லை வெட்டி நிறுப்பேன், வீடு வீடாகப் போய் மாதச் செலவு கேட்பேன், விடியற்காலையில் கடற்கரையில் நின்று எந்த மீன் எத்தனை கிலோ என்று எழுதுவேன். இப்போது ஓய்வு. வளர்ச்சி பற்றியும் நுகர்வு பற்றியும் கேள்வி அனுப்பச் சொன்னதற்கு எதிர்பார்த்ததை விடக் கூடவே வந்துவிட்டது. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். யாரையாவது திட்டச் சொல்லி வந்தவற்றை விட்டுவிட்டேன்.

உப்புவெளியிலிருந்து ஒரு கடைக்காரர்: 2024இல் நாடு 5 வீதம் வளர்ந்ததாம். என் கடையில் அதைக் காணவில்லையே, யார் சொல்வது பொய்?

யாரும் பொய் சொல்லவில்லை தம்பி. 2021ஐ 100 ரூபாய் என்று வையுங்கள். 2022இல் 7 வீதத்துக்கு மேல் சுருங்கி 93க்குக் கீழே போனது, 2023இல் இன்னொரு 2 வீதத்துக்கு மேல் போய் 91ஐ ஒட்டி நின்றது. அதன்மேல் 5 வீதம் ஏறினால் 95 சொச்சம். ஆக நாடு வளர்ந்ததும் உண்மை, 100க்குத் திரும்பி வராததும் உண்மை. பள்ளத்தில் விழுந்தவன் இரண்டு படி ஏறினாலும் அதற்குப் பெயர் ஏற்றம்தான்.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த எண் எதை எண்ணுகிறது என்பது. அது மொத்த உள்நாட்டு உற்பத்தி, அதாவது நாடு ஒரு வருஷத்தில் உண்டாக்கின பொருள், சேவைகளின் பெறுமதி. உங்கள் வீட்டில் டெங்கு வந்தால் இரத்தப் பரிசோதனை, கிளினிக் கட்டணம், ஓட்டோ, நுளம்புச் சுருள் எல்லாம் அதில் சேரும். உங்கள் அம்மா வீட்டில் சோறு சமைத்தால் அந்த உழைப்பு சேராது, கடையில் காசு கொடுத்துச் சாப்பிட்டால் சேரும். 2004 சுனாமியில் இடிந்த வீடுகளை அந்தக் கணக்கில் யாரும் கழிக்கவில்லை, ஆனால் திரும்பக் கட்டின வேலை கூட்டலில் வந்தது. இந்த மாதிரிக் கணக்கை 1934இல் அமெரிக்க செனட்டுக்குச் செய்து கொடுத்த பொருளியலாளர் சைமன் குஸ்னெட்ஸ், இதை வைத்து மக்கள் நலமாக இருக்கிறார்களா என்று சொல்ல முடியாது என்று அதே அறிக்கையில் எச்சரித்திருந்தார். எச்சரிக்கையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

கிண்ணியா மாணவி: சேர், அப்படியென்றால் வளர்ச்சியே வேண்டாம் என்கிறவர்கள் சொல்வது சரியா? ஐரோப்பாவில் நிறையப் பேர் அப்படி எழுதுகிறார்கள்.

மகள், சுருங்கினால் எப்படி இருக்கும் என்று ஐரோப்பாவில் எழுதுகிறவர்களை விட நமக்குத் தெரியும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. பெட்ரோல் செட்டில் இரவு படுத்தோம், பிறகு எரிபொருள் பங்கீட்டுக்கு க்யூஆர் வந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. நாடு முழுக்க நுகர்வு குறைந்தது, உண்மைதான், ஆனால் காசுள்ளவன் வீட்டில் ஜெனரேட்டர் ஓடியது, கூலிக்காரன் வீட்டில் ஒரு நேரச் சோறு குறைந்தது. எதைக் குறைப்பது, யார் குறைப்பது என்று யாரும் உட்கார்ந்து முடிவெடுக்காமல் தானாக நடந்த சுருக்கம் அது. நியாயமாகச் சொன்னால், அந்த ஐரோப்பியர்களும் இதை வேண்டும் என்று கேட்கவில்லை. தெரிந்தெடுத்து, பகிர்ந்து, மேலே இருப்பவர் முதலில் குறைக்க வேண்டும் என்கிறார்கள். இலங்கையர் ஒருவர் வருஷத்துக்கு வெளியிடும் கரியமில வாயு ஒரு தொன்னை ஒட்டி, அமெரிக்கர் ஒருவருடையது 14 தொன்னை ஒட்டி. குறைக்கிற பேச்சை எந்த வாசலில் தொடங்க வேண்டும் என்பதை இதிலிருந்து நீங்களே பார்க்கலாம்.

ஆனால் நம் ஊருக்குள்ளும் மேல் கீழ் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் உவராகிப் போன வீட்டுக்குக் குழாய் வேண்டும், அது வளர்ச்சி. பக்கத்து ஹோட்டலுக்கு இரண்டாவது நீச்சல் குளம் வேண்டும், அதுவும் வளர்ச்சி என்றுதான் எழுதப்படும். எழுதினவன் நான்தான், படிவத்தில் வேறு கட்டம் இல்லை.

சல்லியிலிருந்து ஒரு கடற்றொழிலாளி: அண்ணை, அப்பா காலத்தில் துடுப்பும் பருத்தி வலையும்தான். இப்போது எஞ்சின், ஜிபிஎஸ், மீன் காட்டுகிற மெஷின் எல்லாம் இருக்கு. மீன்தான் இல்லை. விஞ்ஞானம் செய்த வேலைதானே இது?

பாதி ஆம். இந்தக் கேள்விக்குத்தான் நான் கனநேரம் யோசித்தேன்.

கனடாவில் நியூஃபவுண்ட்லாந்து என்று ஓர் இடம். அங்கே கொட் மீனை ஏறக்குறைய 500 வருஷம் பிடித்தார்கள். 1992 ஜூலையில் அரசாங்கம் ஒரேயடியாக மூடியது, 30,000 பேருக்கு மேல் தொழில் போனது. இரண்டு வருஷத்துக்கு என்று சொன்ன தடை 2024 வரை இழுத்தது. அங்கே விஞ்ஞானிகள் இல்லாமலா? நிறைய இருந்தார்கள். ஆனால் அவர்களுடைய கணக்கில் பெரிய ட்ரோலர்கள் கொண்டுவந்த அளவுக்குக் கனம் அதிகம். மீன் குறையக் குறைய மிச்சம் இருந்தவை ஓர் இடத்தில் கூடின, மெஷின் அந்தக் கூட்டத்தைத் தேடிப் பிடித்தது, பிடி குறையாமல் இருந்ததால் கடலில் மீன் நிறைய இருக்கிறது என்று நம்பினார்கள். கரையோரத்தில் சின்ன வள்ளம் வைத்திருந்தவர்கள், மீன் சிறுத்துப் போய்விட்டது, வருகிற இடத்துக்கு வரவில்லை என்று முன்பே சொன்னார்கள். அது தரவு இல்லை, புலம்பல் என்று ஒதுக்கப்பட்டது. விஞ்ஞானிகளின் எண்ணே கூடுதலாக இருந்தது, அது போதாதென்று அரசியல் அதற்கும் மேலே அனுமதி கொடுத்தது.

நம் பக்கம் இன்னும் மோசம். நோர்வேயின் நான்சன் ஆய்வுக் கப்பல் நம் கடலை 1978க்கும் 1980க்கும் இடையில் அளந்தது, திரும்ப வந்தது 2018இல். இடையில் கிட்டத்தட்ட 40 வருஷம், போரும் சேர்ந்து. நான் கரையில் எழுதினது பிடித்த மீனின் கணக்கு, கடலில் இருக்கிற மீனின் கணக்கு இல்லை. மேலே போகப் போக இந்த வித்தியாசம் காணாமல் போகும். பிடி கூடினால் அந்த வருஷ அறிக்கையில் அது "வளர்ச்சி".

உங்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். கரைவலைக்குப் பாடு என்று ஒரு முறை, இன்று நீ, நாளை நான், இந்த எல்லைக்குள் இத்தனை வலை. யாரும் அதை விஞ்ஞானம் என்று சொல்லவில்லை, ஆனால் போதும் என்ற அளவு அதற்குள் இருந்தது. மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளுகிற சுருக்குவலை வந்தபோது பாடு கேட்க ஆள் இல்லை. கடல் எவ்வளவு தாங்கும் என்று விஞ்ஞானம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அதை யார் யார் எவ்வளவு எடுப்பது என்று நீங்கள் சண்டை பிடித்துத்தான் முடிவு செய்ய வேண்டும், அந்தக் கூட்டத்தில் சின்ன வள்ளக்காரனுக்கும் கதிரை இருக்க வேண்டும்.

மூதூர் விவசாயி: 2021இல் இரசாயனப் பசளையை நிறுத்தினபோது விஞ்ஞானிகள் எங்கே போனார்கள்?

இங்கேதான் இருந்தார்கள், எழுதினார்கள், கேட்கத்தான் ஆள் இல்லை. கணக்கு கஷ்டமானது இல்லை ஐயா. 50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன். ஒரு வீதம் நைதரசன் உள்ள கூட்டெருவில் அதே அளவு வேண்டுமென்றால் 2,300 கிலோ. ஒரு மூடைக்குப் பதில் ஒரு லொறி. அந்த லொறி எங்கே, எரு எங்கே, அள்ளுவதற்கு ஆள் எங்கே? ஏப்ரல் கடைசியில் அறிவித்து, நவம்பரில் திரும்ப எடுத்தார்கள், அதற்குள் பெரும்போகத்துக்கு விதைத்தாகிவிட்டது. தம்பலகாமத்தில் என் மச்சானின் வயலில் அந்தப் போகம் விளைச்சல் பாதிக்குப் பாதி.

அதற்காகச் சேதனப் பசளையே பிழை என்று நான் சொல்லவில்லை. மண் செத்துப்போகிறது என்ற பயம் உண்மை. வட மத்திய பக்கத்திலும் நம் மாவட்டத்துப் பதவிசிறிபுரவிலும் 1990களிலிருந்து சனத்தை வாட்டுகிற சிறுநீரக நோய்க்கு இன்றுவரை ஒரே காரணம் என்று முடிவாகவில்லை. முடிவாகாத இடத்தில் இரசாயனம்தான் காரணம் என்ற நம்பிக்கை புகுந்துவிடும். பத்து வருஷம் எடுத்துச் செய்ய வேண்டியதை ஒரே இரவில் செய்து, நல்ல யோசனை ஒன்றின் பெயரையும் கெடுத்துவிட்டார்கள்.

உவர்மலை குடும்பத் தலைவி: நான் ஒருத்தி துணிப்பை கொண்டுபோனால் என்ன மாறப்போகிறது?

கொஞ்சம். சோறு சுற்றுகிற பொலித்தீன் லஞ்ச் ஷீட்டை 2017இல் தடை செய்தார்கள், சின்ன ஷாம்பு பக்கட்டை 2021இல். அந்தப் பக்கட்டை வாங்குகிறவளைக் குறை சொல்லாதீர்கள், நாள் கூலிக்காரிக்குப் போத்தல் வாங்க ஒரே நாளில் காசு சேராது. பக்கட்டில் போட்டு விற்கிறவனைக் கேளுங்கள்.

அபயபுர இளைஞர்: சூரிய மின்சாரம், எல்ஈடி, மின்சார வாகனம் எல்லாம் வருகிறதே அங்கிள், பிரச்சினை தானாகத் தீராதா?

1865இல் ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயர் ஒன்றைக் கவனித்தார். நீராவி எஞ்சின் குறைந்த நிலக்கரியில் ஓடத் தொடங்கினால் நிலக்கரி மிச்சமாகும் என்று பார்த்தால், மலிவாகிப் போனதால் எல்லோரும் எஞ்சின் வாங்கி, மொத்தச் செலவு கூடியது. என் வீட்டுக் கதையும் அதுதான். எல்ஈடி போட்டதும் பில் குறைந்தது, குறைந்த தைரியத்தில் மகன் மதில் முழுக்க லைட் போட்டான், பிறகு ஏசி.

சம்பூரைப் பாருங்கள். 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் வர இருந்தது, 2016இல் கைவிட்டார்கள், பிறகு அங்கே சூரிய மின்சாரத் திட்டம் வந்தது. புகையா வெயிலா என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை, வெயில்தான். ஆனால் அந்த மக்கள் 2006இல் போரால் இடம்பெயர்ந்து, பலர் 2015க்குப் பிறகுதான் திரும்ப வந்தார்கள். எந்த நிலத்தில், யாரைக் கேட்டு, அந்தக் கரண்ட் யாருக்கு என்ற கேள்விகளுக்கு சூரியத் தகட்டில் பதில் இல்லை.

தம்பலகாமத்திலிருந்து, பெயர் வேண்டாம் என்றவர்: இவ்வளவும் எழுதுகிறீர்களே ஐயா, மகளின் கல்யாணத்தை நூறு பேரோடு முடித்தால் சனம் என்ன சொல்லும்?

கேவலமாகத்தான் சொல்லும். அதனால்தான் நானும் 600 பேரைக் கூப்பிட்டேன். விரும்பிச் செலவழித்த காசு அதில் எவ்வளவு, வாய்க்குப் பயந்து செலவழித்த காசு எவ்வளவு என்று வீட்டுச் செலவுப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்திருந்தால், எத்தனையோ வீடுகளில் நான் இரண்டாவதைத்தான் எழுதியிருப்பேன். கடனின் கடைசித் தவணையைக் கட்டின அன்று பேரனுக்கு நாலு வயது, என்னோடு பாங்குக்கு வந்து ரொஃபி கேட்டு அழுதான்.