மலைக் குளிரில் சோறு கெடாது என்றால் கோர்ட் ஏற்குமா?

கேள்வி: கொடைக்கானல் வில்பட்டி அருகே மூன்று அறைகளில் ஹோம்ஸ்டே நடத்துகிறேன். சென்னையிலிருந்து வந்த குடும்பத்துக்கு, மதியம் வடித்த சோற்றில் இரவு எட்டு மணிக்கு முட்டை ஃப்ரைடு ரைஸ் போட்டுக் கொடுத்தேன். பத்து மணிக்குள் மூன்று பேருக்கு வாந்தி. இப்போது 50,000 ரூபாய் கேட்கிறார்கள். தராவிட்டால் சென்னையிலேயே கேஸ் போடுவார்களாம். இந்தக் குளிரில் சோறு எப்படிக் கெடும்?

பதில்: அம்மா, அந்தக் கடைசி வரியை மட்டும் எங்கேயும் எழுத்தில் கொடுத்துவிடாதீர்கள். ஃப்ரிட்ஜில் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டிய சோற்றை வெளியே வைத்திருந்ததாக நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வெளியே ஸ்வெட்டர் போடும் குளிர் இருந்தாலும், அடுப்பு எரியும் சமையலறையில் மூடி வைத்த தேக்சாவின் நடுச்சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசி வெந்தாலும் சாகாது. சோறு மெல்ல ஆறும்போது முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு பிறகு எவ்வளவு வதக்கினாலும் போகாது. சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி வரும். நீங்கள் சொல்லும் நேரக்கணக்கு இதோடு பொருந்துகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் இங்கேதான் பிடிப்பார்.

சென்னையில் கேஸ் போட முடியுமா என்றால், முடியும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி புகார்தாரர் தன் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். உணவால்தான் உபாதை என்று காட்ட வேண்டியது அவர்கள் பொறுப்பு.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006 இதைவிடக் கடுமையானது. பாதுகாப்பற்ற உணவால் கொடுங்காயம் அல்லாத பாதிப்பு நேர்ந்தால் 59-வது பிரிவில் ஓராண்டு வரை சிறையும் 3 லட்சம் வரை அபராதமும் உண்டு. 65-வது பிரிவில் இழப்பீடு 1 லட்சம் வரை போகலாம். ஆனால் 80-வது பிரிவில் உங்களுக்கும் ஒரு வழி இருக்கிறது: உரிய எச்சரிக்கை எல்லாம் எடுத்தேன் என்று நிரூபித்தால் அது தற்காப்பு. வாய்ச்சொல்லால் அதை நிரூபிப்பது கஷ்டம்.

முதலில் அந்தக் குடும்பத்துக்குப் போன் செய்து உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பிறகு மருத்துவச் சீட்டு, பில் நகல்களை எழுத்தில் கேளுங்கள். பில்லைப் பார்த்து நியாயமான தொகைக்குச் சமரசம் ஆவது நல்லது. கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். சமரசம் ஆனாலும் உணவுப் பாதுகாப்பு அலுவலர் விசாரணைக்கு வரலாம்.

இனிமேல் ஆளுக்குத் தக்கபடி சோறு வடியுங்கள். மிஞ்சினால் அகலத் தட்டில் பரப்பி ஆற்றி, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சூடாகப் பரிமாறுவது 60 டிகிரிக்கு மேலேயே இருக்கட்டும். எது எப்போது சமைத்தது, எப்போது உள்ளே போனது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு இல்லையென்றால் இன்றே விண்ணப்பியுங்கள். அந்த நோட்டில் பழைய தேதி போட்டு ஒரு வரிகூட எழுதாதீர்கள். அது பொய்ச்சாட்சியமாகி, இப்போதுள்ள சிக்கலைவிடப் பெரிய வழக்கில் கொண்டுபோய் விடும்.