ரஸ்ட்: மூடுபனி விளைவிக்கும் ஒயின் (கேள்வி பதில்)

ஆஸ்திரியாவில் நொய்சீட்லர் ஏரிக்கரையில் இருக்கும் ரஸ்ட் என்ற ஊரைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். வியன்னாவில் வசிப்பதால் அங்கே அடிக்கடி போய்வருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ரஸ்ட் கிராமமா, நகரமா?

பார்த்தால் கிராமம்தான். மக்கள் சுமார் 2,000 பேர். ஆனால் சட்டப்படி தனி உரிமை பெற்ற நகரம், ஆஸ்திரியாவின் அப்படிப்பட்ட நகரங்களில் மிகச் சிறியது.

இவ்வளவு சின்ன ஊருக்கு அந்த உரிமை எப்படிக் கிடைத்தது?

விலை கொடுத்து வாங்கினார்கள். அப்போது இது ஹங்கேரியில் இருந்தது (ஆஸ்திரியாவோடு சேர்ந்தது 1921-இல்). 1681-இல் பேரரசர் முதலாம் லியோபோல்டுக்கு 60,000 கில்டன் பணமும், 500 ஐமர் இனிப்பு ஒயினும் கொடுத்துச் சுதந்திர நகரம் என்ற பட்டயம் பெற்றார்கள். ஐமர் என்றால் வாளி, அந்தக் காலத்து முகத்தல் அளவு. ஊரின் விடுதலைக்கு ஒயினும் விலையானது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. அதற்கு முன்பே, 1524-இல், ஒயின் பீப்பாய்களில் ஊர்ப் பெயரின் முதல் எழுத்தான 'ஆர்' (R) என்பதைச் சூடு போட்டுக்கொள்ளும் உரிமையை ஹங்கேரி அரசி மரியா தந்திருந்தார்.

அழுகிய திராட்சையில்தான் அந்த ஒயின் செய்கிறார்களாமே?

உண்மைதான், ஆனால் எல்லா அழுகலும் ஒன்றல்ல. இங்கே ஏரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பரப்பு பெரிது, ஆழமோ மிஞ்சிப்போனால் இரண்டு மீட்டர்கூட இல்லை. அதனால் தண்ணீர் சீக்கிரம் சூடாகும். இலையுதிர் காலத்தில் இரவுக் காற்று குளிர்ந்ததும் ஏரியிலிருந்து மூடுபனி எழுந்து தோட்டங்களுக்குள் நுழையும். அந்த ஈரத்தில் பொட்ரிடிஸ் என்ற பூஞ்சை பழத்தைப் பற்றும். மதியம் வெயில் வந்து ஈரத்தைக் காயவைக்கும். இப்படி நாள்கணக்கில் நடந்தால், பூஞ்சை துளைத்த தோல் வழியே நீர் ஆவியாகி, பழம் உலர்திராட்சைபோலச் சுருங்கும். சர்க்கரை, புளிப்பு, மணம் எல்லாம் உள்ளே செறிந்துவிடும். வெயில் வராமல் மழை பிடித்துக்கொண்டால் அதே பூஞ்சை குலையையே நாசமாக்கிவிடும்.

பறிப்பதும் பொறுமையான வேலை. சுருங்கிய பழங்களை மட்டும் கையால் பொறுக்க, ஒரே தோட்டத்துக்குள் பலமுறை போவார்கள். இந்த ஒயினின் பெயரான 'ஆஸ்ப்ரூக்' அப்படிப் பிரித்தெடுப்பதைத்தான் குறிக்கிறது. இந்தப் பழங்களோடு நல்ல பழத்தின் சாற்றைச் சேர்த்துப் புளிக்கவைப்பது பழைய முறை. சர்க்கரை அவ்வளவு அதிகம் என்பதால் ஈஸ்ட் பாதியிலேயே ஓய்ந்துபோகும், மீதி இனிப்பு தங்கிவிடும். உலர்ந்த ஆப்ரிகாட், தேன் வாசனை வரும். ஃபுர்மிண்ட் வகைத் திராட்சை என்றால் கூடவே நல்ல புளிப்பும் இருப்பதால் திகட்டாது.

1985-இல் ஆஸ்திரிய ஒயினில் கலப்படம் என்று செய்தி வந்ததே?

ஆமாம். இனிப்பும் திடமும் கூடியதுபோலக் காட்ட, சிலர் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருளைக் கலந்திருந்தது வெளிப்பட்டது. ஏற்றுமதி சரிந்தது. நேர்மையாகத் தொழில் செய்தவர்களும் சேர்ந்து அடிபட்டார்கள், அதுதான் எனக்கு வருத்தம். அதே ஆண்டு ஒயின் சட்டத்தை மிகக் கடுமையாக்கினார்கள். 1991-இல் ஒயின் கல்விக்கான அகாடமி ரஸ்டிலேயே தொடங்கியது.

கூரைமேல் நாரைகள் கூடு கட்டுமாமே? திராட்சையைத் தின்றுவிடாதா?

செங்கால் நாரைகள் வசந்தத்தில் வந்து பழைய வீடுகளின் புகைபோக்கிமேல் கூடு கட்டும். தவளை, பூச்சிதான் அவற்றுக்கு இரை, திராட்சையைத் தொடாது. பழத்துக்கு எதிரி ஸ்டார்லிங் பறவைக் கூட்டம். அவற்றை விரட்டச் சின்ன விமானம்கூடப் பறக்கவிடுவார்கள்.

ஏரி வற்றிவிடும் என்கிறார்களே?

1860-களின் நடுவில் ஒருமுறை முழுக்க வற்றி, சில ஆண்டுகள் கழித்துத்தான் நிரம்பியது. பெரும்பாலும் மழையை நம்பிய ஏரி. வெயிலில் ஆவியாகும் நீர் மிக அதிகம். 2022 கோடையில் மட்டம் வெகுவாக இறங்கிப் படகுகள் சேற்றில் நின்றன. ஏரி போனால் மூடுபனி போகும், ஆஸ்ப்ரூக்கும் அரிதாகிவிடும். ஊரில் யாரிடம் பேசினாலும் பேச்சு கடைசியில் தண்ணீர் மட்டத்தில்தான் வந்து நிற்கிறது.

எப்போது போகலாம்?

நாரை பார்க்க மே, ஜூன். ஆகஸ்டில் அவை ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிவிடும். மூடுபனியும் அறுவடையும் பார்க்க அக்டோபர். அப்புறம், காலையில் சீக்கிரம் எழுந்து தோட்டத்துப் பக்கம் நடங்கள். பத்து, பதினோரு மணிக்கெல்லாம் பனி விலகிவிடும்.