பக்கத்துத் தெரு பெரு நாட்டு உணவகத்தில் யாருக்கு என்ன சொல்வது?

கேள்வி: நியூ ஜெர்சியில் பாட்டர்சன் அருகே குடியிருக்கிறோம். நடந்து போகும் தூரத்தில் ஒரு பெரு நாட்டு உணவகம் இருக்கிறது. ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. ஏழு வயது மகனுக்குக் காரம் ஆகாது. நால்வரும் ஒன்றாகப் போய்ச் சாப்பிட வழி உண்டா?

பதில்: உண்டு. நீங்கள் இருக்கும் இடமும் நல்ல இடம். பாட்டர்சனில் பெரு நாட்டவர் அதிகம். ஒரு பகுதிக்கே ‘லிட்டில் லிமா’ என்று பெயர், பெருவின் துணைத் தூதரகமும் அந்த ஊரில் இருக்கிறது. அதனால் அக்கம்பக்கக் கடைகள் தங்கள் ஊர்க்காரர்களுக்காகவே சமைக்கின்றன. ருசிக்கு அது நல்லது. நமக்குச் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் மெனுவில் எழுதி வைப்பதில்லை.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸ்பானிய மொழியில் ‘கார்னே’ என்றால் அகராதிப்படி இறைச்சி. பேச்சில் பெரும்பாலும் மாட்டிறைச்சியைத்தான் குறிக்கும். நான் முதல்முறை ‘சின் கார்னே’ (கார்னே இல்லாமல்) என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். வந்த சோற்றில் கோழித் துண்டுகள். பரிமாறியவர் மேல் தப்பில்லை, அவர் கணக்கில் கோழி கார்னே ஆகாது. எனவே அம்மாவுக்குக் கேட்கும்போது ஒவ்வொன்றாகவே சொல்லுங்கள்: சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் உவேவோ. மாடு, கோழி, மீன், முட்டை நான்கும் வேண்டாம் என்று பொருள். ‘வெஹெதாரியானோ’ (சைவம்) என்று மட்டும் சொன்னால் முட்டை வரும்.

அம்மாவுக்கு நான் முதலில் சொல்வது பாப்பா அ லா வான்காயீனா. பாப்பா என்றால் அங்கே உருளைக்கிழங்கு! வேகவைத்து வட்டமாக நறுக்கிய கிழங்கின் மேல், அஹி அமரீயோ என்ற மஞ்சள் மிளகாய், பாலாடைக்கட்டி, சுண்டிய பால், உப்பு பிஸ்கட் எல்லாம் சேர்த்து அரைத்த விழுதை ஊற்றித் தருவார்கள். மேலே வைக்கும் அவித்த முட்டையை மட்டும் நிறுத்தச் சொல்ல வேண்டும். நிறத்தைப் பார்த்து அம்மா மிரள வேண்டாம். பாலும் கட்டியும் காரத்தை அடக்கிவிடும், மிளகாயின் பழவாசம்தான் நாக்கில் நிற்கும். பாலாடைக்கட்டியை உறையவைக்கும் ரென்னெட் விலங்கிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். அந்த அளவுக்கு ஆசாரம் பார்ப்பவர் என்றால் இதை விட்டுவிடுங்கள். அவகாடோ வைத்த காவுசா இன்னொரு வழி. எலுமிச்சைச் சாறு விட்டுப் பிசைந்த உருளைக்கிழங்கு மசியல் அடுக்கு அது. ஆனால் மயோனைஸ் தடவுவார்கள், அதில் முட்டை உண்டு, தவிர்க்கச் சொல்லுங்கள்.

ஏமாற்றுவது பீன்ஸ்தான். பார்க்கச் சைவம் போலவே இருக்கும், பல சமையலறைகளில் பன்றி இறைச்சித் துண்டோ கொழுப்போ போட்டுத்தான் வேகவைக்கிறார்கள். மீந்த பீன்ஸையும் சோற்றையும் பிசைந்து கல்லில் முறுகலாக்கும் தக்கு தக்கு எனக்கு மிகப் பிடித்த தட்டு. ஆப்பிரிக்க வம்சாவளிப் பெருவியர்கள் கொடுத்த கைமணம் அது. ஆனாலும் பீன்ஸ் எதில் வெந்தது என்று கேட்காமல் அம்மாவுக்குச் சொல்லாதீர்கள். வறுத்த மரவள்ளிக்கும் ஒரு கேள்வி உண்டு: அதே எண்ணெயில் கோழியோ மீனோ பொரித்தார்களா?

மனைவி விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். செவிச்சே வேண்டாம். எலுமிச்சைச் சாற்றில் ஊறிய மீன் வெண்மையாகி, வெந்ததுபோலத் தெரியும். புளிப்பு மீனின் புரதத்தை இறுக்குகிறதே தவிர, சூடு செய்யும் வேலையைச் செய்வதில்லை. கிருமிகளும் ஒட்டுண்ணிகளும் பிழைத்திருக்கலாம். மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் ஏழு நாள் உறையவைத்த மீனில் ஒட்டுண்ணி சாகும், பாக்டீரியா சாகாது. பலர் மறப்பது இன்னொன்று: வான்காயீனாவில் போடும் கேசோ ஃப்ரெஸ்கோ என்ற புதுப் பாலாடைக்கட்டி. லிஸ்டீரியா என்ற கிருமியின் அபாயத்துக்காக, சூடாக்காத அந்தக் கட்டியைக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் அறிவுறுத்துகிறது. அந்த விழுதை அரைத்த பிறகு பெரும்பாலும் சூடாக்குவதில்லை. ஆகவே அம்மாவின் தட்டிலிருந்து மனைவிக்கு ஒரு கரண்டி என்பதும் கூடாது. கடையில் அரைக்கும் மயோனைஸில் பச்சை முட்டை இருக்கலாம். மேசையில் வைக்கும் பச்சை நிறச் சட்னிக்கும் பல கடைகளில் அடித்தளம் அதுதான். அதோடு வாகடாய் என்ற, நம் செண்டுமல்லிக் குடும்பத்துக் கீரையும் சேர்ந்தால் அற்புதமான வாசனை. நீங்கள் தாராளமாகத் தொட்டுக்கொள்ளலாம்.

அவருக்கு ஏற்றது போயோ அ லா ப்ராசா, சுழலும் கம்பியில் கனலில் வாட்டிய முழுக்கோழி. 1950-ல் லிமாவுக்கு வெளியே ஒரு பண்ணையில் ரோஜர் ஷூலர் என்ற சுவிஸ்காரர் தொடங்கி வைத்தது, இன்று நாட்டின் வாராந்தரப் பழக்கமாகிவிட்டது. எலும்பு ஓரம் சிவப்பு தெரியாமல் நன்றாக வெந்து, சூடாக வரவேண்டும். மகனுக்கும் இதுவே போதும். முழுக்கோழி ஒன்றும் வறுத்த உருளையும் வாங்கினால் உங்கள் மூவருக்கும் சரியாக இருக்கும். ஊறவைக்கும் மசாலாவில் சோயா சாஸும் சில கடைகளில் கறுப்பு பியரும் சேர்ப்பார்கள். பியர் ஆகாது என்றால் முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.

உங்களுக்கு மூன்று சொற்கள் போதும். ‘ரெஸ்’ என்றால் மாடு. ‘லோமோ’ இந்த மெனுவில் மாட்டின் மென்தசை. ‘ஆன்டிகூச்சோ’ என்று மட்டும் எழுதியிருந்தால் கம்பியில் சுட்ட மாட்டு இதயம். புகழ்பெற்ற லோமோ சல்தாதோவைக் கோழியில் கேட்டால் ‘போயோ சல்தாதோ’ என்று செய்து தருவார்கள். வெங்காயம், தக்காளி, சோயா சாஸ் எல்லாம் கொதிக்கும் வாணலியில் புரண்டு, வறுத்த உருளையும் சோறும் ஒரே தட்டில் வரும். சோற்றுக்கு உருளையா என்று சிரிக்க நமக்கு உரிமையில்லை. 1849 முதல் கூலிகளாகப் போன சீனர்கள் தொடங்கி வைத்த சமையல் அது. அந்தப் பாணிக் கடைக்கு ‘சீஃபா’ என்று பெயர். ஸ்பானியத்தில் இஞ்சிக்கு வேறு சொல் இருக்க, பெருவில் மட்டும் சீனச் சொல்லான ‘கியோன்’ நிலைத்துவிட்டது. வறுத்த சோறான சௌஃபாவைக் காய்கறியோடு கேட்டாலும் முட்டையும் சிப்பி சாஸும் விழும். அம்மாவுக்கு வேண்டாம்.

குடிக்க எல்லோருக்கும் சிச்சா மொராதா. ஊதா மக்காச்சோளத்தை அன்னாசித் தோல், பட்டை, கிராம்போடு கொதிக்கவைத்து எலுமிச்சை பிழிந்தது, மது இல்லாதது. ‘சிச்சா தே ஹோரா’ வேறு, அது புளித்த கள் வகை. பெயரில் குழம்பிவிடாதீர்கள். மகன் இன்கா கோலா கேட்பான். மஞ்சள் நிறம், 1935-ல் வந்தது, பபுள்கம் மாதிரி இனிக்கும். ஒரு பாட்டிலை இருவருக்குப் பிரித்துக் கொடுங்கள்.

சனி, ஞாயிறு மதியம் கூட்டம் நெருக்கும், சமையலறைக்கு உங்கள் கேள்விகளுக்கு நேரமிருக்காது. வாரநாளில் பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள்.

கடைசியில் பிக்கரோனெஸ் கேளுங்கள். பூசணியும் சர்க்கரைவள்ளியும் மாவோடு பிசைந்து, உளுந்து வடை மாதிரி ஓட்டை போட்டுப் பொரித்து, சங்காக்காப் பாகு ஊற்றுவார்கள். சங்காக்கா நம் வெல்லம்தான். மாவில் முட்டை சேர்த்தார்களா என்றும், எண்ணெய் தனிதானா என்றும் விசாரித்துவிட்டால் அம்மாவும் சாப்பிடலாம். பாகைத் தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் மகன் சட்டை முழுக்க வெல்லம்.