வீட்டில் வளர்க்கும் நாட்டுக்கோழிக்கு இறகு கொட்டி, முட்டையும் நின்றுவிட்டது. நோயா? விற்றுவிடலாமா?

விற்காதீர்கள். முதலில் சொல்ல வேண்டியது அதுதான்.

ஒன்றரை வயதுக் கோழி, ஐப்பசி மாதம், கழுத்தில் ஆரம்பித்து முதுகு வரை இறகு கொட்டியிருக்கிறது, முட்டை நின்று பதினைந்து நாளாகிறது, ஆனால் தீனி நன்றாக எடுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் நோய் மாதிரி தெரியவில்லை. பழைய இறகைக் கழித்துவிட்டுப் புது இறகு போடுகிறது. தலை, கழுத்து, பிறகு முதுகும் நெஞ்சும், கடைசியில் இறக்கையும் வாலும் என்று பெரும்பாலும் இந்த வரிசையில்தான் கொட்டும், உங்கள் கோழியும் அதே வரிசையில்தான் போகிறது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நாங்கள் ஒட்டன்சத்திரம் பக்கம், வீட்டுக்குப் பின்னால் எப்போதும் ஏழெட்டுக் கோழி நிற்கும். மூன்று வருடம் முன்பு அதில் ஒரு கருப்பும் ஒரு செவலையும் ஒரே ஈட்டில் பொரித்தவை. கருப்பு ஆவணியிலேயே முட்டையை நிறுத்திவிட்டு, ஒரு நாளைக்கு ஒரு இறகு இரண்டு இறகு என்று உதிர்த்துக்கொண்டு, பார்க்க அழகாகவே திரிந்தது. செவலை கார்த்திகை பாதி வரைக்கும் முட்டை விட்டது, அப்புறம் ஒரே வாரத்தில் பாதி உரித்த கோழி மாதிரி ஆகிவிட்டது, வால் சுத்தமாக இல்லை. மற்ற கோழிக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்து, வாசலுக்கு வந்த வியாபாரியிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். அப்பத்தா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், நான்தான் கேட்கவில்லை. வைத்துக்கொண்ட கருப்பு மறுபடி முட்டைக்கு வந்தது மாசி கடைசியில்.

பிறகு வேறொரு வேலையாகக் கால்நடை மருந்தகம் போனபோது மருத்துவர் அம்மாவிடம் இதைச் சொன்னேன். இருந்ததிலேயே நல்ல கோழியைத்தான் விற்றிருக்கிறீர்கள் என்றார். இன்னமும் அது மனதில் உறுத்துகிறது.

அவர் விளக்கியது இதுதான். நன்றாக முட்டையிடும் கோழி கடைசி வரை இட்டுவிட்டு, தாமதமாக, எல்லா இறகையும் மொத்தமாகக் கொட்டி, சீக்கிரம் முளைக்க வைத்துவிட்டு மறுபடி முட்டைக்கு வரும். சுமாரான கோழி முன்னதாகவே ஆரம்பித்து மெதுவாக இழுக்கும். இதை இறக்கையிலேயே பார்க்கலாம். இரவு கோழி அடைந்த பிறகு மெதுவாக ஒரு இறக்கையை விரித்துப் பாருங்கள். நடுவில் ஒரு குட்டை இறகு இருக்கும், அதிலிருந்து வெளிப்பக்கம் பத்து நீள இறகு. அந்தக் குட்டை இறகை ஒட்டியதில் தொடங்கி நுனியை நோக்கி வரிசையாக விழும். ஒவ்வொன்றும் முழுதாக வளர ஏறத்தாழ 6 வாரம் பிடிக்கும். மந்தமான கோழிக்கு ஒன்று விழுந்து ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான் அடுத்தது விழும், அதனால் ஐந்தாறு மாதம் இழுத்துவிடும். நல்ல கோழிக்கு இரண்டு மூன்று சேர்ந்தே விழுந்து, சேர்ந்தே முளைக்கும், இரண்டு மூன்று மாதத்தில் வேலை முடிந்துவிடும். ஒரே நீளத்தில் மூன்று குருத்து பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அந்தக் கோழியை விட்டுவிடாதீர்கள்.

நாட்டுக்கோழிக்கு இந்தக் கணக்கை அப்படியே போட முடியாது. அடைக்குப் படுத்து, 21 நாள் உட்கார்ந்து, குஞ்சைக் கூட்டிக்கொண்டு திரிந்த கோழி எந்த மாதமாக இருந்தாலும் அதன் பிறகு இறகு கொட்டலாம். அடையில் இருக்கும்போது வயிற்றுப் பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தால், முட்டைக்குச் சூடு படுவதற்காக ஆன வெறுமை அது. அடை இருந்த கோழியையும் இருக்காத கோழியையும் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட வேண்டாம்.

ஏன் இந்த மாதத்தில் என்றால், பகல் குறைவதுதான் பெரிய காரணம். நம் பக்கம் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான், அதனால் குளிர்நாடுகள் மாதிரி எல்லாக் கோழியும் ஒரே நேரத்தில் கொட்டாது. ஒரு நாள் தண்ணீர் வைக்காமல் விட்டாலும், தீனி திடீரென்று குறைந்தாலும், இடம் மாற்றினாலும்கூடக் கொட்டும். முட்டை நிற்பதற்குக் காரணம், இறகில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் புரதம். முட்டைக்குப் போக வேண்டிய சத்து இறகுக்குப் போகிறது.

எனவே தீனியில்தான் நீங்கள் உதவ முடியும். வெறும் நொய்யும் கம்பும் சோளமும் இப்போது போதாது. நான் ஒரு கோழிக்குத் தினம் ஒரு சின்னக் கைப்பிடி கடலைப் புண்ணாக்கும் எள்ளுப் புண்ணாக்கும் கலந்து, ஊறவைத்துப் பிசைந்து வைக்கிறேன். கடலையில் மெத்தியோனின் என்ற புரதச் சத்து குறைவு, இறகு முளைக்க அது முக்கியம், எள்ளில் அது நிறைய உண்டு. புண்ணாக்கில் பூஞ்சை வாடை அடித்தால் தூர எறியுங்கள், அந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும். கருவாட்டுத் தூள் ரொம்ப நல்லது, ஆனால் உப்புக் கருவாட்டை அப்படியே போடக்கூடாது, உப்பு அதிகமானால் கோழி செத்துப்போகும், ஊறவைத்து இரண்டு முறை கழுவிக் காயவைத்து இடியுங்கள். வசதி இருந்தால் கரையான் பிடியுங்கள். பழைய பானையில் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணியும் போட்டுத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் புற்று இருக்கிற இடத்தில் கவிழ்த்து வைத்தால் காலையில் நிறைந்திருக்கும். கோழி ஓடி வருவதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கும்.

இன்னொன்று, தயவுசெய்து அடிக்கடி பிடிக்காதீர்கள். புதிதாக முள் மாதிரி நிற்கிற குருத்துக்குள் ரத்தம் ஓடுகிறது, தொட்டாலே வலிக்கும். நான் வேப்பெண்ணெய் தடவுகிறேன் என்று தினம் பிடித்து, ஒரு குருத்தை ஒடித்து ரத்தம் வந்து, அந்தச் சிவப்பைப் பார்த்து மற்ற கோழிகள் கொத்தத் தொடங்கி, ஒரு வாரம் கூடையில் கவிழ்த்துத் தனியாக வைக்க வேண்டியதாயிற்று. மழை மாதம் என்பதால் இரவில் நனையாத, சாரல் அடிக்காத இடம் மட்டும் கட்டாயம்.

இனி, இறகு உதிர்ப்பு இல்லாமல் வேறாக இருந்தால் எப்படித் தெரியும்? இடத்தைப் பாருங்கள், அடியில் குருத்து இருக்கிறதா என்று பாருங்கள். முதுகும் பிடரியும் மட்டும் வெறுமையாகி, இறகு ஒடிந்து காம்பு நின்றால் சேவல் மிதித்தது, பத்துக் கோழிக்கு ஒரு சேவல் போதும். வால் அடியில் புண்ணோடு இருந்தால் கொத்து, அங்கே இடநெருக்கடியையும் தீனிக் குறைவையும் சரி செய்யுங்கள். ஆசனவாய்க்குக் கீழே இறகின் அடியில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் பேன் முட்டை. சாம்பலும் மணலும் கலந்து புரளவிடுங்கள். அதோடு, மருந்து எதுவானாலும் மருத்துவரிடம் கேட்டுப் போட்டு, பேன் முட்டைக்குள் இருப்பது பொரிந்து வரும் என்பதால் பத்து நாளில் மறுபடி போட வேண்டும். ராத்திரி டார்ச் அடித்து அடையும் கட்டையின் இடுக்கையும் பாருங்கள், சில உண்ணிகள் பகலில் அங்கே ஒளிந்துகொள்ளும். கோழி குன்றிப்போய்த் தீனி எடுக்காமல், பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்தால் இறகைப் பற்றி யோசிக்காமல் அன்றைக்கே மருந்தகம் போங்கள்.

உங்கள் கோழியின் கொண்டை இப்போது வெளுத்துச் சுருங்கியிருக்கும். அது மறுபடி சிவந்து தடித்து, கேறிக்கொண்டே மூலையில் இடம் தேட ஆரம்பித்தால் முட்டை வரப்போகிறது. அதுவரை காலில் ஒரு கலர் நூல் கட்டி, எந்த மாதம் கொட்ட ஆரம்பித்தது, எப்போது முட்டைக்கு வந்தது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். அடுத்த முறை அடை வைக்கும்போது, கடைசியாகக் கொட்டிச் சீக்கிரம் திரும்பிய கோழியின் முட்டைகளை எடுத்து வையுங்கள்.