புதுநன்மை வாங்கியவர், இப்போது நம்பாதவர்

கேள்வி: ஒன்பது வயதில் புதுநன்மை (முதல் முறை நற்கருணை அப்பம்) வாங்கினேன். முதல் பாவசங்கீர்த்தனத்தில் (சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது) சொல்ல ஒன்றும் தோன்றாமல், அம்மா பர்ஸில் காசு எடுத்ததாகப் பொய் சொன்னேன்; அது இன்னும் உறுத்துகிறது. இப்போது எனக்கு நம்பிக்கை இல்லை. தங்கை தன் குழந்தையின் ஞானஸ்நானத்தில் என்னை ஞானத்தகப்பனாக நிற்கச் சொல்கிறாள். கோயில் ஏட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் சிக்கல் தீருமா? அன்று கிடைத்த ஜெபமாலையை என்ன செய்வது?
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: பெயரை எடுக்க மாட்டார்கள். ஞானஸ்நான ஏடு என்பது நடந்ததைக் குறித்து வைக்கும் புத்தகம். உறுதிப்பூசுதலும் (ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) திருமணமும் பின்னால் அதிலேயே குறிக்கப்படும். புதுநன்மைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விலகியதை ஓரத்தில் எழுதச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். பிரான்சில் ஒருவர் அழித்தே தீரவேண்டும் என்று வழக்குக்குப் போனார். ஓரக்குறிப்பே போதும் என்று 2024 பிப்ரவரியில் அங்குள்ள உச்ச நிர்வாக நீதிமன்றம் முடித்துவிட்டது.

முறைப்படி விலகியவருக்குத் திருச்சபைத் திருமணச் சட்டத்தில் முன்பு சில விலக்குகள் இருந்தன. 2009-இல் பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் அவற்றையும் நீக்கினார். ஆகவே ஓரக்குறிப்பு ஏறினாலும் திருச்சபையின் கணக்கில் நீங்கள் கத்தோலிக்கர்தான்.

ஞானத்தகப்பன் விஷயம் வேறு. அதற்குப் பதினாறு வயது நிறைந்து, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்று, விசுவாசத்துக்கு ஏற்றபடி வாழ்பவராக இருக்கவேண்டும். முதல் மூன்றில் நீங்கள் தேறினாலும் கடைசியில் இடிக்கும். சடங்கில் பசாசை விட்டுவிடுவதாகவும் விசுவாசப் பிரமாணத்தை ஏற்பதாகவும் பெற்றோரோடு சேர்ந்து வாய்விட்டுப் பதில் சொல்லவேண்டியவர் அவர். அங்கே முணுமுணுத்துச் சமாளிப்பதைவிட இப்போதே மறுப்பது நல்லது. தங்கையிடம் இதைச் சொல்லுங்கள்: சட்டப்படி ஒரே ஆள் போதும், ஞானத்தாய் மட்டும் நின்றாலும் ஞானஸ்நானம் செல்லும். ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் சொன்னால்தான் மாற்று ஆள் தேடி வீடு அல்லாடும்.

பூசைக்குப் போனால் பெஞ்சின் நடுவில் உட்காராதீர்கள். நன்மை வாங்கும் நேரத்தில் வரிசை வரிசையாக எழும்போது நடுவில் இருப்பவரும் இழுபட்டுப் பீடம் வரை போய்விடுவார். சுவரோர முனை வசதி.

அந்தப் பொய்க்காக வருந்தவேண்டாம். 1910-இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் (பயஸ்) நன்மை வாங்கும் வயதை ஏறக்குறைய ஏழுக்கு இறக்கினார். பாவசங்கீர்த்தனமும் கூடவே அந்த வயதுக்கு வந்தது. பத்துக் கட்டளைகளை வரிசையாக ஒப்பித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே பாவம் தேடச் சொன்னால் பிள்ளை எதையாவது கற்பனை செய்யத்தான் செய்யும். பாடம் நடத்திய முறையில்தான் கோளாறு. கேட்ட சாமியாரும் அதை யாரிடமும் சொல்லியிருக்க முடியாது.

ஜெபமாலை போன்ற மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக்கூடாது, எரிக்க வேண்டும் அல்லது புதைக்க வேண்டும் என்பது வழக்கம். மர மணி என்றால் எரியும். கண்ணாடி, உலோகம் என்றால் மண்தான். அம்மா இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள், அநேகமாக வாங்கிக்கொள்வார். புதுநன்மை மெழுகுதிரியும் இருந்தால் கரண்ட் போன அன்று ஏற்றி முடித்துவிடுங்கள்.