பால்மோரலில் நடக்க யாரிடம் அனுமதி கேட்பது?

அன்புள்ள ஐயா,

ஸ்காட்லாந்தில் லாக் மிக் ஏரியை ஒரு நாள் முழுக்கச் சுற்றி நடந்ததை எழுதியிருந்தீர்கள். அது பால்மோரல் எஸ்டேட், அரச குடும்பத்தின் சொந்த நிலம் என்கிறீர்கள். உங்களை எப்படி உள்ளே விட்டார்கள்? படங்களில் மலைகள் ஏன் மொட்டையாக இருக்கின்றன?

— வாசகி ஒருவர்

அன்புள்ள வாசகிக்கு,

யாரும் உள்ளே விடவில்லை அம்மா, நானே நடந்து போனேன். ஏரிக்கு அருகில் ஸ்பிட்டல் ஆஃப் க்ளென்மிக் என்ற இடத்தில் காரை நிறுத்தக் காசு கட்டியதோடு சரி. ஏரியைச் சுற்றிவர சுமார் 12 கிலோமீட்டர். ஓரிடத்தில்கூட யார் நீ என்று கேட்க ஆளில்லை.

ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2003-ல் இயற்றிய நிலச் சீர்திருத்தச் சட்டம்தான் காரணம். 2005 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. நிலம் யாருடையதானாலும், பொறுப்போடு நடந்துகொள்கிற எவரும் அதில் நடக்கலாம், சைக்கிளில் போகலாம், கூடாரம் அடித்து இரவு தங்கலாம். வீட்டை ஒட்டிய இடமும் பயிர் நிற்கும் வயலும் விலக்கு. மோட்டார் வண்டிக்கு இந்த உரிமை கிடையாது.

ஏரியின் மேல்கோடியில், பைன் மரங்களுக்கு நடுவே க்ளாஸ் ஆல்ட் ஷீல் என்ற கல்வீடு இருக்கிறது. கணவர் ஆல்பர்ட் இறந்தபின் தனிமை தேடிய விக்டோரியா ராணி 1868-ல் கட்டியது. பாதை அதற்கு வெகு அருகில் போகிறது. ஒரு ராணி யார் கண்ணிலும் படாமலிருக்கத் தேர்ந்த இடத்துக்குப் பக்கத்தில், ஈரக் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு நான் ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். என்னை விரட்ட எவருக்கும் அதிகாரம் இல்லை என்ற நினைப்பில் கண் கலங்கியது. அந்த நாளில் நான் பார்த்த எந்தக் காட்சியும் இதற்கு ஈடில்லை.

சட்டம் 2003-ல் திடீரென்று முளைத்துவிடவில்லை. மலைகளில் மக்கள் நடமாட வழிசெய்யும் மசோதாவை பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஜேம்ஸ் பிரைஸ் 1884-லேயே கொண்டுவந்தார், நிறைவேறவில்லை. அதே காலத்தில், இந்த ஏரிக்குத் தெற்கே க்ளென் டால் பள்ளத்தாக்கில், பிரேமார் என்ற ஊருக்குப் போகும் ஜாக்ஸ் ரோடு என்ற மலைப்பாதையை நில உரிமையாளர் மறித்தார். பொதுப் பாதைகளைக் காக்கப் போராடிய வழியுரிமைச் சங்கம் வழக்குப் போட்டது. சாட்சி சொல்ல வந்தவர்களில் அந்த வழியே ஆடு ஓட்டிப் போன மேய்ப்பர்களும் இருந்தார்கள். 1888-ல், அன்று கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போய்ச் சங்கம் வென்றது. ஆட்டு மந்தையோடு நடந்த கால்களே அங்கே உரிமைப் பத்திரம்! அந்தப் பெயர் தெரியாத மேய்ப்பர்களை நான் வணங்குகிறேன்.

மலை மொட்டையானது இயற்கையால் மட்டும் அல்ல. பழைய பைன் காடுகளை வெட்டினார்கள். ஓநாய் அழிந்தது. வேட்டைக்காகச் சிவப்பு மான்களைப் பெருக விட்டார்கள். முளைக்கிற கன்றையெல்லாம் அவை கடித்துவிடுகின்றன. ஆகஸ்டில் ஹெதர் என்ற குறுஞ்செடி பூத்து மலையே ஊதாவாகும்போது அழகுதான். இருந்தாலும் அங்கே இல்லாத மரங்களையே தேடிக்கொண்டு நடந்தேன்.

நீங்கள் போனால் ஏரிக்கரைப் பாதையே போதும். இலையுதிர் காலத்தில் மான் வேட்டை நடக்கும். மலைமேல் ஏறுவதானால் எஸ்டேட் அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். மழைச்சட்டை மறக்க வேண்டாம்.

அன்புடன்